அப்பாவின் உயிலும் சித்தப்பாவின் பொறுப்பும்: கணக்கை வாங்க எங்களுக்கு ஆன நான்கு ஆண்டுகள்

என் தந்தையார் 2019 ஜனவரியில் கோத்தகிரியில் காலமானார். அவர் விட்டுச் சென்றவை ஊருக்குள் ஓர் ஓட்டு வீடு, இரண்டரை ஏக்கர் தேயிலைத் தோட்டம், வங்கியில் ஏழு லட்சம் ரூபாய் வைப்புத்தொகை ஆகியவை. அவர் 2016 ஆம் ஆண்டிலேயே உயில் எழுதிப் பதிவு செய்திருந்தார். அதை நிறைவேற்றும் பொறுப்பைத் தம் தம்பியாகிய என் சித்தப்பாவிடம் ஒப்படைத்திருந்தார். அந்த முடிவில் எங்களுக்கு எந்தக் குறையும் தோன்றவில்லை. நான் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன், தம்பி பெங்களூரில் இருந்தான், அம்மாவுக்கு வங்கிப் படிவம் நிரப்பத் தெரியாது. பக்கத்துத் தெருவிலேயே இருந்த, கணக்கு வழக்குத் தெரிந்த சித்தப்பாவைவிடப் பொருத்தமானவர் யார் இருந்திருக்க முடியும்? பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று மாலை அவர் கூடத்தில் உட்கார்ந்து உயிலை வாசித்தார். வாசித்து முடித்ததும் மடித்துத் தம் பைக்குள் வைத்துக்கொண்டார். அதன் நகலைக் கேட்க வேண்டும் என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த ஒரு மாலையின் அசட்டையால் நாங்கள் இழந்ததை எழுதிவைத்தால், இதே நிலையில் இருக்கும் யாராவது ஒருவராவது எங்களைவிட முன்னதாக விழித்துக்கொள்வார் என்ற எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் ஆண்டு முழுவதும் நாங்கள் எதுவும் கேட்கவில்லை. வருடத் திதி முடியும் முன்பு சொத்துப் பேச்சை எடுப்பது இறந்தவருக்குச் செய்யும் அவமரியாதை என்பது அம்மாவின் உறுதியான எண்ணம். சட்டமும் ஏறத்தாழ அதே காலத்தைத்தான் தருகிறது என்பதைப் பிற்பாடு அறிந்தேன்: 1925 ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 337 ஆம் பிரிவின்படி, உயில் எழுதியவர் இறந்து ஓராண்டு முடியும் வரை உயிலில் கண்ட பங்கைக் கொடுக்கும்படி நிறைவேற்றுநரை, அதாவது உயிலை நிறைவேற்றும் பொறுப்பை ஏற்றவரை, வற்புறுத்த முடியாது. ஆனால் பங்கைக் கொடுக்கத் தரப்பட்ட அவகாசம் வேறு, கணக்கைக் காட்டுவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு பொறுமையாக இருந்ததுதான் எங்கள் முதல் தவறு. அந்த ஓராண்டில் சித்தப்பா அம்மாவின் கையில் ஒரு மாதம் மூவாயிரம், ஒரு மாதம் இரண்டாயிரம் என்று கொடுத்தார்; சில மாதங்கள் கொடுக்கவில்லை. அம்மா அதைக் கொழுந்தனார் தம் கைக்காசிலிருந்து செய்யும் உதவி என்றே நம்பி, வரும்போதெல்லாம் அவருக்கு நன்றி சொல்லிக் காப்பி போட்டுக் கொடுத்தார்.

திதி முடிந்த மறுவாரம், தோட்டத்து வரவு செலவை ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிடலாமா என்று மிகவும் தயங்கித் தயங்கி நான் கேட்டேன். சித்தப்பா கோபப்படவில்லை. "கண்ணு, அண்ணன் காசில் நான் ஒரு ரூபாய் தொடுவேனா? உனக்கு என் மேல் சந்தேகமா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கோயம்புத்தூருக்குப் பேருந்து ஏறினேன். அடுத்த மாதமே ஊரடங்கு வந்தது. நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும் என்றானதும் மேட்டுப்பாளையம் வரை வந்தாலும் மலையேற முடியாத நிலை. அந்தச் சமயத்தில் வங்கி கேட்கிறது, அவசரம் என்று சொல்லிச் சித்தப்பா ஒரு கடிதத்தைக் கைப்பேசிக்கு அனுப்பினார். நான் அதை அச்செடுத்து, மருத்துவமனையில் இரவுப் பணிக்கு நடுவே கையெழுத்திட்டுத் தூதஞ்சலில் அனுப்பிவிட்டேன். தம்பியும் அப்படியே செய்தான். அதில் மூன்றாவது பத்தியில், நிறைவேற்றுநர் இதுநாள் வரை செய்த வரவு செலவுக் கணக்கைப் பார்வையிட்டுத் திருப்தியடைந்தோம் என்று எழுதியிருந்ததை நாங்கள் இருவருமே படிக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து எங்கள் வக்கீல் அறிவிப்புக்குப் பதிலாக அந்தக் கடிதத்தின் நகல்தான் வந்து சேர்ந்தது. உறவினர் நீட்டும் காகிதமாக இருந்தாலும் கடைசி வரி வரை படியுங்கள். கணக்கைக் கண்ணால் காணாமல் கணக்கு என்ற சொல் இருக்கும் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டிய நெருக்கடி என்றால் கணக்கு இன்னும் தரப்படவில்லை என்று கையெழுத்துக்கு மேலேயே எழுதிவிடுங்கள்.

எனக்குச் சந்தேகம் வலுத்தது 2021 இல், அம்மாவுக்குக் கண்புரை அறுவை செய்ய வேண்டிவந்தபோது. தோட்டத்துக் கணக்கில் பணமே இல்லை, இலைக்கு விலை இல்லை, பறிக்கும் கூலிக்கே சரியாகப் போய்விடுகிறது என்றார் சித்தப்பா. 2020 இல் பச்சைத் தேயிலைக்கு முந்தைய ஆண்டுகளைவிட நல்ல விலை கிடைத்ததை ஊரில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் உயிலை நானே படித்துவிடுவது என்று முடிவு செய்தேன். பதிவு செய்யப்பட்ட உயிலின் நகலை, எழுதியவர் உயிரோடு இருக்கும் வரை அவரோ அவருடைய முகவரோ மட்டுமே பெற முடியும்; அவர் இறந்த பிறகு இறப்புச் சான்றிதழைக் காட்டி விண்ணப்பிக்கும் எவரும் பெறலாம். வில்லங்கச் சான்றில் உயில் வராது என்பதால் அதைத் தேடி ஏமாற வேண்டாம். உயில்களுக்குத் தனிப் பதிவேடு உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலை வாங்கி வெளித் திண்ணையில் உட்கார்ந்து படித்தபோது, சித்தப்பா அன்று வாசிக்காமல் விட்ட ஒரு பத்தி அதில் இருந்தது. தேயிலை வருமானத்தில் செலவு போக மிஞ்சுவதில் பாதியை மாதந்தோறும் என் மனைவிக்குக் கொடுத்துவர வேண்டும் என்று அப்பா எழுதியிருந்தார். அம்மா இரண்டு ஆண்டுகளாக நன்றி சொல்லி வாங்கிக்கொண்டிருந்தது அவருடைய சொந்தப் பணம், அதுவும் அதில் ஒரு சிறு பகுதி. நான் அங்கேயே அழுதேன்.

அதன் பிறகு நான் ஆதாரம் தேடத் தொடங்கினேன். வங்கி எனக்கு எதுவும் தர மறுத்தது. வைப்புத்தொகைக்குச் சித்தப்பா நியமனதாரர் (நாமினி), பணம் அவரிடம் கொடுக்கப்பட்டுவிட்டது என்று மட்டும் சொன்னார்கள். நியமனதாரர் என்றால் பணம் அவருக்கே சொந்தம் என்று எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் இன்றும் நம்புகிறார்கள். அது சரியல்ல. அவர் பணத்தை வாங்கி உரியவரிடம் சேர்க்க வேண்டியவர் மட்டுமே. ஆயுள் காப்பீட்டுத் தொகையைப் பற்றி 1983 இலும், பங்குகளைப் பற்றி 2023 இலும் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தேயிலைக் கணக்குதான் கடினமாக இருந்தது. அப்பா காலத்தில் இலை கூட்டுறவுத் தொழிற்சாலைக்குப் போனது. உறுப்பினர் எண், மாதந்தோறும் வங்கியில் வரவு என்று எல்லாம் எழுத்தில் இருந்தது. சித்தப்பா அதை நிறுத்திவிட்டு ஓர் இலை ஏஜெண்டிடம் ரொக்கத்துக்குக் கொடுத்துவந்தார். எங்களுக்குக் கிடைத்த வலுவான ஆதாரம் எங்கள் தோட்டத்தில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கும் மேஸ்திரி அக்காவின் நோட்டுப் புத்தகம். பறிப்பவர்களுக்குக் கிலோக் கணக்கில் கூலி என்பதால் அவர் ஒவ்வொரு நாளும் யார் எத்தனை கிலோ என்று குறித்துவந்தார். பள்ளிப் பிள்ளைகளின் நாற்பது பக்க நோட்டு. பனியில் மை ஊறிவிடும் என்பதால் எல்லாம் பென்சில் எழுத்து. பால் கவரில் சுற்றி அடுப்படிப் பரண்மேல் வைத்திருந்தார். ஓரங்களில் தேயிலைக் கறை படிந்த அந்த நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து, இரவெல்லாம் கூட்டிப் பார்த்தேன். 2020 ஆம் ஆண்டுக்கு 9,860 கிலோ வந்தது. சித்தப்பா பிற்பாடு நீதிமன்றத்தில் காட்டியது 5,200 கிலோ.

இன்னொன்றையும் அந்த வாரமே செய்தேன். தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்க விவரத்தைப் பார்த்தேன். சாலையோரமாக இருக்கும் ஐம்பது சென்ட் இடத்துக்குச் சித்தப்பாவின் மருமகன் பெயரில் கிரய உடன்படிக்கை ஒன்று மூன்று மாதங்களுக்கு முன்பு பதிவாகியிருந்தது. மாதம் ஒருமுறை இப்படிப் பார்க்கும் பழக்கம் இருந்திருந்தால் பதிவான வாரமே தெரிந்திருக்கும்.

இதற்குப் பிறகு நான் செய்தவற்றில் முதல் இரண்டும் வீணாயின. காவல் நிலையத்துக்குப் போனேன். மரியாதையாகவே உட்காரவைத்து, இது சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்பினார்கள். நம்பிக்கை மோசடிக்குக் குற்றவியல் சட்டத்தில் பிரிவு உண்டு. ஆனால் கணக்கு எதுவும் கையில் இல்லாமல் அந்தக் கதவைத் தட்டிப் பயனில்லை. பிறகு தெரிந்தவர் சொன்ன ஒரு வக்கீலிடம் போனேன். அவர் உயிலைச் சரியாகப் படிக்காமலே பாகப்பிரிவினை வழக்குப் போடலாம் என்றார். உயில் இருக்கும்போது, அந்த உயிலை நாங்களே ஏற்கும்போது, சட்டப்படியான வாரிசுகளாகப் பங்கு கேட்கும் வழக்கு எங்களுக்குப் பொருந்தாது என்பது அன்று எனக்குத் தெரியாது. அதில் பதினெட்டாயிரம் ரூபாயும் ஏழு மாதமும் போயின. பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு என்பதும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகி அதைக் கேட்கலாம் என்பதும் எனக்குத் தெரியவந்தபோது வழக்கே பாதி நடந்துவிட்டது. அம்மாவோ நானோ முதல் நாளே அங்கே போயிருக்கலாம். 1987 ஆம் ஆண்டுச் சட்டம் தரும் உரிமை அது. அதைக் கேட்டுப் பெறுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இரண்டாவதாக நாங்கள் போனது உதகையில் தொழில் செய்யும் ஒரு பெண் வக்கீலிடம். அவர் முதலில் கேட்ட கேள்வி, உயில் மெய்யானது என்று நீதிமன்றம் தரும் மெய்ப்பிதழ், அதாவது புரோபேட், வாங்கியிருக்கிறதா என்பது. எந்த வழியில் போகலாம் என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தது என்று விளக்கினார். புரோபேட் வாங்கிய நிறைவேற்றுநர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும் ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தாக வேண்டும். தகுந்த காரணமில்லாமல் வேண்டுமென்றே தாக்கல் செய்யாவிட்டாலும், பொய்யாகத் தாக்கல் செய்தாலும், வாரிசுரிமைச் சட்டத்தின் 263 ஆம் பிரிவின் கீழ் அந்தப் புரோபேட்டை ரத்து செய்யக் கேட்கலாம். எங்கள் மலைப்பகுதியில் புரோபேட் கட்டாயமில்லை என்பதால் சித்தப்பா வாங்கவேயில்லை. அதனால் எந்த நீதிமன்றமும் அவரிடம் தானாகக் கணக்குக் கேட்கவில்லை. அப்படிப்பட்டவர் இனிமேல் எங்களுக்குத் தெரியாமல் புரோபேட்டுக்கு மனுச் செய்துவிடக்கூடாது என்றால் முன்கூட்டியே கேவியட் என்னும் எச்சரிக்கை மனுவைப் போட்டுவைக்கலாம். பொறுப்பை ஏற்கவும் இல்லை, விலகவும் இல்லை என்று சும்மா இருக்கும் நிறைவேற்றுநராக இருந்தால், ஏற்கிறாயா விலகுகிறாயா என்று நீதிமன்றத்தின் மூலம் அழைப்பாணை அனுப்பவைத்து, அவர் விலகினால் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும், உயில் இணைத்த நிர்வாக உரிமைப் பத்திரத்தைப் பயனாளிகளே கேட்கலாம்.

எங்கள் நிலை இவற்றிலிருந்து வேறு. சித்தப்பா பொறுப்பை ஏற்று நடத்திக்கொண்டே கணக்கை மறைத்தார். நிறைவேற்றுநரை இடைநீக்கவோ முழுவதுமாக நீக்கவோ 301 ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. ஆனால் அந்த அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கே உரியது. நீலகிரிக்காரர்களுக்கு அது சென்னை; கொடைக்கானல் பக்கத்தவர்களுக்குத் திண்டுக்கல் மாவட்டம் என்பதால் மதுரைக் கிளை. வெறும் தாமதத்துக்காகவோ மனக்கசப்புக்காகவோ நீதிமன்றம் ஒருவரை எளிதில் நீக்கிவிடாது, சொத்துக்குக் கேடு செய்தார் என்று காட்ட வேண்டும் என்றும் வக்கீல் எச்சரித்தார். ஆகவே உதகையிலேயே, இறந்தவர் சொத்தை நீதிமன்றத்தின் மேற்பார்வையில் நிர்வகித்துக் கணக்கெடுத்துப் பிரித்துத் தரும்படி கேட்கும் நிர்வாக வழக்கைத் தொடுத்து, அதிலேயே விற்பனைக்குத் தடையாணையும் கேட்பது என்று முடிவானது. மருமகன் பெயரிலான உடன்படிக்கைக்கும் சட்டத்தில் விடை இருந்தது. நிறைவேற்றுநர் நேரடியாகவோ பிறர் மூலமாகவோ இறந்தவர் சொத்தைத் தாமே வாங்கினால், அந்தச் சொத்தில் உரிமைத் தொடர்புள்ள வேறு எவரும் அந்த விற்பனையைச் செல்லாததாக்கக் கேட்கலாம் என்று 310 ஆம் பிரிவு சொல்கிறது. சொத்தைத் தவறாகப் பயன்படுத்தியதால் வந்த நட்டத்தை அவரே ஈடுசெய்ய வேண்டும் என்பது 368 ஆம் பிரிவு. உயிலில் கண்ட பங்கை நிறைவேற்றுநரிடம் கேட்டு வழக்குத் தொடுக்க, அது கொடுபட வேண்டிய நாளிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகள் வரை காலவரம்பு உண்டு என்று வக்கீல் சொன்னபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. ஆனால் மற்ற பரிகாரங்களுக்குக் காலம் இதைவிடக் குறைவு, சாட்சிகளும் காகிதங்களும் அத்தனை ஆண்டு காத்திருக்காது என்று உடனே சேர்த்துச் சொன்னார்.

வழக்குப் போடுவதைவிட அம்மாவைச் சம்மதிக்கவைப்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. "உன் அப்பாவின் தம்பியைக் கோர்ட்டுப் படியேற்றப் போகிறாயா?" என்று கேட்டு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் உயிலின் அந்தப் பத்தியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அப்பாவின் கையெழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். அறிவிப்பு போன பிறகு எங்கள் வீட்டுக்கு வருவதைச் சொந்தக்காரர்களில் பலர் நிறுத்திக்கொண்டார்கள். ஒரு திருமணத்தில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் எழுந்து போனார். இதையெல்லாம் தாங்க வேண்டியிருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன்.

தடையாணை ஒரு மாதத்துக்குள் கிடைத்தது. கணக்கைத் தாக்கல் செய்யச் சித்தப்பா எட்டு வாய்தா எடுத்துக்கொண்டார். வங்கியிலிருந்தும் ஏஜெண்டிடமிருந்தும் ஆவணங்களை வரவழைக்க நாங்கள் மனுப் போட்ட பிறகே கணக்கு வந்தது. அதில் ஈமச் சடங்குச் செலவு என்று 1,80,000 ரூபாய் எழுதியிருந்தது. சமையல்காரருக்கும் பந்தலுக்கும் தம்பியும் நானும் கொடுத்த பணத்துக்கு ரசீது இருந்ததால் அதில் பெரும்பகுதி அடிபட்டது. நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஈமச் செலவையும், நிர்வாகத்துக்கான உண்மையான செலவையும் சொத்திலிருந்து முதலில் எடுத்துக்கொள்ள நிறைவேற்றுநருக்கு உரிமை உண்டு; வேலிக்கும் உரத்துக்கும் அவர் செலவழித்ததை நாங்கள் மறுக்கவில்லை. மேஸ்திரி அக்கா சாட்சி சொல்ல வரத் தயாராக இருக்கிறார் என்று தெரிந்ததும் எதிர்த் தரப்பு சமரசத்துக்கு வந்தது. நீதிமன்றச் சமரச மையத்தில் ஐந்து அமர்வுகள் நடந்தன. 2023 ஆகஸ்டில் சமரசத் தீர்ப்பாணை ஆனது: உடன்படிக்கையைப் பதிவு செய்தே ரத்து செய்வது, மூலப் பத்திரங்களை ஒப்படைப்பது, 5,90,000 ரூபாயை மூன்று தவணைகளில் திருப்பித் தருவது, இனித் தோட்ட நிர்வாகத்தைத் தம்பி பார்ப்பது. எங்கள் கணக்குப்படி இன்னும் இரண்டு லட்சத்துக்கும் மேல் வர வேண்டும். அம்மாவின் வயதை நினைத்து அதை விட்டோம். இரண்டு வக்கீல்களுக்கும் சேர்த்து 1,35,000 ரூபாய் ஆனது. நான் விடுப்பு எடுத்த நாள்கள் நாற்பத்து மூன்று. சமரசத்தில் முடிந்ததால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைத்தது. வழக்கு சமரசமானால் அதைக் கேட்டு வாங்க மறந்துவிடாதீர்கள்.

மூன்றாம் தவணை வந்து சேர்ந்த அன்று, வருமானத்தில் தமக்குச் சேர வேண்டியிருந்த பாதியை அம்மா வங்கியில் தம் பெயரிலேயே இரண்டு வைப்புகளாகப் போட்டு, எங்கள் இருவரையும் ஆளுக்கொன்றில் நியமனதாரராக எழுதினார். மேஸ்திரி அக்காவுக்கு இப்போது நாங்கள் இரண்டு நோட்டுகள் வாங்கிக் கொடுக்கிறோம். ஒன்று அவரிடம் இருக்கும். மற்றொன்றில் சனிக்கிழமை மாலை அதைப் பார்த்து அம்மா தம் கையால் எழுதிக்கொள்கிறார். இலை மறுபடியும் கூட்டுறவுத் தொழிற்சாலைக்கே போகிறது. மாதக் கடைசியில் தம்பி அனுப்பும் கணக்கில் கிலோ ஒத்துவராவிட்டால், பெங்களூருக்கு முதல் தொலைபேசி அழைப்பு அம்மாவிடமிருந்துதான் போகிறது.